பன்னிரண்டு போட வேண்டிய இடத்தில் பதினாறு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு காலை, மில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி தன் முன்கையைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

2. அன்று மதியம் மூன்றாம் எண் விசிறியை நிறுத்திப் பார்த்தேன். இறக்கைகள் நடுக் குடமான ஹப்போடு சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி இருந்தது. பன்னிரண்டு நட்டுகளின் மேலும் மஞ்சள் கோடு போட்டு வைத்தேன்.

3. ஒன்பது நாள் கழித்து, ஆயுத பூஜைக்காக விசிறிகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். கோடுகள் போயின. பொடியும் போயிற்று.

4. விசிறியை மறுபடி ஓட்டலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டது நான்.

5. அதற்குப் பதினோராம் நாள், யாரையும் கேட்காமல் அந்த விசிறியை நிறுத்தினேன். அப்போது சித்தி உள்ளே இருந்தாள்.

6. ஓர் இறக்கையைக் கழற்றிப் பார்த்தோம்.

7. இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏழாவதில் ‘இதுவரை’ என்பதை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அதனால் அது இருக்கிறது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இளநிலைப் பொறியாளர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் மில் பஸ் என்னை ஏற்றிக்கொண்டு, அடுத்து வன்னியம்பட்டிக்காரர்களை ஏற்றும். அங்கே ஏறுபவள் என் அம்மாவின் தங்கை. நான் வேலைக்குச் சேர்வதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அவள் அங்கே வேலை பார்க்கிறாள். முதலில் ஸ்பின்னிங்கில் நின்றாள். மூச்சிரைப்பு வந்த பிறகு ஹெச் பிளாண்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஹெச் பிளாண்ட் என்பது மில்லுக்குள் ஈரக் காற்றைச் சுற்றவிடும் இடம். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். அதனால் அங்கே நான்கு பெரிய விசிறிகள் நாள் முழுக்க ஓடும். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஆறு இறக்கைகள். இரும்பு இல்லை, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை. மில்லில் பைபர் என்பார்கள். ஒவ்வொரு விசிறியும் ஊதும் பக்கத்தில் ஓர் அறை. அதன் எதிர்ச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை வலை. வலையில் படியும் பஞ்சை ஷிப்டுக்கு நான்கு முறை பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். அதுதான் சித்தியின் வேலை. வலையைப் பார்த்து நிற்பவள் விசிறிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க முடியும். விசிறிக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது கை உள்ளே போகாமல் இருப்பதற்கு. உள்ளேயிருந்து வருவதைத் தடுப்பதற்கு அல்ல.

அன்று காலை பஸ்ஸில் நான் கேட்டேன், “ஏன் சித்தி, கையில என்ன?”

“அரிக்கிட்டி. நாலு நாளாச்சு. உங்க சித்தப்பா வாங்கியாந்த சோப்பு சரியில்ல.”

பின் சீட்டில் இருந்த அவளுடைய சிநேகிதி எட்டிப் பார்த்தாள். “சோப்ப ஏன் குத்தம் சொல்லுத? குளிச்சாத்தான அரிக்காம இருக்கும்.”

“நீ குளிக்கிற லட்சணம் இந்த பஸ்ஸுக்கே தெரியும். மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் டிரைவர் வண்டி ஓட்டுதாரு.”

பஸ் சிரித்தது. நான் செல்போன் வெளிச்சத்தில் அவள் கையைப் பார்த்தேன். தடிப்பு இல்லை. ஊசி குத்தியது போல் சிவப்புப் புள்ளிகள். ஒரு புள்ளியின் நடுவில், முடியைவிட மெல்லியதாக ஏதோ மினுங்கியது.

எனக்கு அந்த மினுக்கம் தெரியும். கல்லூரிக் கடைசி வருடத்தில் என் புராஜெக்ட்டே அதுதான். பைபர் பட்டைகளில் துளை போட்டு, போல்ட் மாட்டி, இழுவை இயந்திரத்தில் வைத்து அறும்வரை இழுப்பேன். ஒரு வருடம் முழுக்க என் முழங்கைகள் இப்படித்தான் இருந்தன. பையில் இருந்த இன்சுலேஷன் டேப்பை எடுத்து, சித்தியின் கையில் ஒட்டி அழுத்தி, வெடுக்கென்று உரித்தேன். நான்கு முறை. அரிப்பு நின்றது.

“என்னட்டி இது, டாக்டருக்கும் சேத்துப் படிச்சியா?”

பஞ்சு அரிக்காது. அவள் கைக்குக் கண்ணாடி இழை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சித்தி கூட்டிக்கொண்டிருந்தது மூன்றாம் விசிறியின் அறை. அங்கே எல்லாமே வெள்ளை. தரையில் பஞ்சு, வலையில் பஞ்சு, கம்பித் தடுப்பில் தாடி போலப் பஞ்சு. மூன்றாம் விசிறியை நிறுத்தி, ஹப்பின் இரும்புத் தட்டுகளுக்கு நடுவே இறக்கை நுழையும் இடத்தில் விரலை வைத்தேன். அங்கேயும் வெள்ளைதான். ஆனால் விரலில் ஒட்டிச் சுருளவில்லை. மாவு போல் நெருநெருத்தது. வேறு எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் அந்தப் பொடி ஒரே நாளில் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். இங்கே அதைச் சித்தி நான்கு நாளாகக் கூட்டி அள்ளிக் கொட்டியிருக்கிறாள்.

இன்னொன்றையும் பார்த்தேன். இறக்கைக்கு இரண்டு போல்ட். அவை பன்னிரண்டு மில்லிமீட்டராக இருக்க வேண்டும். பதினாறு இருந்தது.

ஹெட் பிட்டரிடம் போனேன். சேத்தூர்க்காரர். ராணுவப் பட்டறையில் பதினாறு வருடம் இருந்துவிட்டு வந்தவர். பெண்கள் அவர் இல்லாதபோது மிலிட்டரி என்பார்கள், எதிரே இருந்தால் அண்ணாச்சி. ஒரு நட்டை அவர் முடுக்கினால் அதை வேறு யாராலும் கழற்ற முடியாது என்பது மில்லில் அவருக்கு இருந்த பெயர்.

“அண்ணாச்சி, மூணாம் நம்பர்ல பன்னெண்டு போல்ட்டுதான வரணும்?”

“பன்னெண்டு லூசாயிக்கிட்டே இருந்துச்சு தாயி. வாரத்துக்கு ஒருக்கா டைட் வைக்க எவன் போவான்? கோடையில தொளையப் பெருசாக்கி பதினாறு போட்டு, ஸ்பேனர்ல பைப்பச் செருகி இழுத்து வச்சிருக்கேன். இனி அது அசையாது.”

பதிவேட்டைப் பார்த்தேன். கோடையில் ஒரு நாள், மூன்றாம் விசிறி, போல்ட் மாற்றம் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியோடு பதிவேட்டை மூடிவிட்டேன்.

இரும்பாக இருந்தால் அவர் செய்தது சரி. இரும்பு கொஞ்சம் இடம் கொடுக்கும். நசுங்கி, இழுபட்டு, சுமையைப் பக்கத்தில் இருப்பதற்குப் பங்கு போட்டுவிடும். பைபர் அப்படி இல்லை. பைப்பைச் செருகி முடுக்கினால் துளையைச் சுற்றி அடுக்குகள் நசுங்கிப் பிரியும். துளையைப் பெரிதாக்கினால், துளைக்கும் இறக்கையின் அடி முனைக்கும் நடுவே இருக்கும் பொருள் குறையும். போல்ட்டின் குறுக்களவைப் போல் மூன்று மடங்கு தூரமாவது அங்கே இருக்க வேண்டும் என்று நாங்கள் படித்தோம். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு. தயாரித்தவர்கள் முப்பத்தாறு சரியாக விட்டிருந்தார்கள். பதினாறுக்கு நாற்பத்தெட்டு வேண்டும். இறக்கை வளராது.

போல்ட் மாட்டிய பைபர் முக்கியமாக மூன்று விதமாகப் போகும். ஒன்று, துளை மெதுவாக நசுங்கி நீள்வட்டமாகும். இயந்திரத்தில் வைத்து இழுக்கும்போது கரும்பு கடிப்பது போல் நெறநெறவென்று சத்தம் வரும், பொடி கொட்டும், ஆனாலும் பிடித்துக்கொண்டிருக்கும். சொல்லிவிட்டுப் போகிற வகை அது. இரண்டு, துளையின் குறுக்கே பட்டை இரண்டாக அறும். அதற்கு ஒரே ஒரு சத்தம். மூன்று, துளைக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் பகுதி அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பெரிய சத்தம்கூட இருக்காது. இறக்கையை வடிவமைப்பவர்கள் முதல் வகையில் போகும்படிதான் அளவு வைப்பார்கள். அண்ணாச்சி அதைப் பலப்படுத்தப் போய் மூன்றாவது வகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்.

அந்த இறக்கை நான்கு கிலோ. ஓடும்போது அது இரண்டு டன் எடையைத் தொங்கவிட்டது போல அந்த இரண்டு துளைகளையும் இழுக்கும்.

நட்டுகளின் மேலும் தட்டின் மேலும் சேர்ந்தாற்போல் மஞ்சள் கோடு போட்டது, நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. படம் எடுத்தேன். அறிக்கை எழுதினேன். மேனேஜர் பொறுமையாகப் படித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதுல பஞ்சுதானம்மா தெரியுது?”

“பஞ்சு இல்ல சார். கண்ணாடித் தூள்.”

“சரி, பூஜை முடியட்டும். அப்பப் பாப்போம். இப்ப ஒரு பேனை நிறுத்தினா ஸ்பின்னிங்ல என்னைய நிக்க விடமாட்டாங்க.”

பூஜைக்கு முன்பு மில்லில் எல்லா இயந்திரங்களையும் கழுவித் துடைத்து, பெயிண்ட் அடிப்பது வழக்கம். விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஹப்புக்கு வெள்ளி நிறமும் இறக்கைகளுக்குச் சாம்பல் நிறமும் அண்ணாச்சியே நின்று அடித்தார். வேறு யாரையும் பிரஷைத் தொட விடவில்லை. நான் போனபோது மூன்றாம் விசிறி முடிந்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் பொடி போய்விட்டது. மஞ்சள் கோடுகளின் மேல் வெள்ளி நிறம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

“அண்ணாச்சி, நான் போட்ட கோடு?”

“அது நீ போட்டதா? எவனோ கிறுக்கி வச்சிருக்கான்னுல்ல நெனச்சேன். நல்ல நாளும் அதுவுமா அசிங்கமா இருக்குன்னு ரெண்டு கோட்டிங்கா குடுத்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தில் ஒரு வேலையை நன்றாகச் செய்தவரின் திருப்தி இருந்தது. மறுநாள் ஹப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். சித்தியும் நானும் ஓரமாக நின்றோம். பொரியும் சுண்டலும் வந்தபோது அவள் மட்டும் முன்னால் போய் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டாள்.

விசிறிகளைத் திரும்ப ஓட்டுவதற்கு ஒரு தாள் உண்டு. அதில் எட்டுக் கட்டங்கள். பெயிண்ட் காய்ந்ததா, தடுப்பு மாட்டியதா, உள்ளே கருவி ஏதும் கிடக்கிறதா என்று போகும். எட்டும் சரியாக இருந்தன. துளைக்கு அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அல்லது கையெழுத்திட மாட்டேன் என்றே மறுத்திருக்கலாம். எட்டுக் கட்டங்களிலும் டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். பூஜை முடிந்தால் பார்ப்போம் என்றாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூஜை முடிந்தது. இரண்டு முறை கேட்டேன். அடுத்த வாரம் என்றார்.

பதினோராம் நாள் காலை, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சித்தி கையை என் மடியில் நீட்டினாள்.

“ஏட்டி, அந்த டேப்ப எடு.”

புதுப் பெயிண்ட்டையும் மீறி வந்திருக்கிறது. டேப்பை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முன்பைவிட அதிகம்.

மில்லில் இறங்கியவள் நேராகப் பிரஷை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அலுவலகத்தில் பையை வைத்துவிட்டு ஹெச் பிளாண்டுக்குப் போனேன். கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவள் மூன்றாம் விசிறிக்கு முதுகைக் காட்டி வலையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சேலை முந்தானை காற்றில் விறைத்து வலையோடு ஒட்டியிருந்தது. சுவிட்ச் பலகை என் இடது பக்கம் இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

விசிறி முழுதாக நிற்க நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே வா என்று கத்திக் கையைக் காட்டினேன். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு திரும்பிப் பார்த்து, என்னமோ சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்பது போல் சாவகாசமாக வந்தாள்.

பத்து நிமிடத்தில் ஸ்பின்னிங்கிலிருந்து போன். அதற்குப் பின்னாலேயே அண்ணாச்சி வந்தார்.

“யாரக் கேட்டு நிறுத்துன?”

“யாரையும் கேக்கல அண்ணாச்சி. ஒரே ஒரு எறக்கையக் கழத்துங்க. ஒண்ணுமில்லைன்னா கேன்டீன்ல எல்லாரும் இருக்கும்போது உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன்.”

“பேனு ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு? ஓடுறதக் கழத்தச் சொல்லுத.”

நான் ஒரு நாணயத்தை எடுத்து இறக்கையின் நடுவில் தட்டினேன். கணீரென்றது. தட்டிக்கொண்டே அடிப்பக்கம் வந்தேன். ஹப்புக்கு நான்கு விரல் இருக்கும்போது சத்தம் மாறிப் பொதபொதவென்று ஆனது.

“தேங்கா வாங்கப் போனா நாங்க இப்பிடித்தான் தட்டிப் பாப்போம்” என்றாள் சித்தி. “இது அழுகலு அண்ணாச்சி. கடைக்காரன் மூஞ்சியிலேயே எறிஞ்சிட்டு வரலாம்.”

அவர் சிரிக்கவில்லை. நாணயத்தை என் கையிலிருந்து வாங்கி, அவரே தட்டினார். மூன்று முறை. பிறகு ஸ்பேனரையும் பைப்பையும் எடுத்து வரப் போனார்.

கழற்ற அரை மணி நேரம் ஆயிற்று. இறக்கையைத் தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். இரண்டு துளைகளும் வட்டமாக இல்லை. முனையை நோக்கி நீண்டிருந்தன. ஒரு துளையின் இரு பக்கத்திலிருந்தும் முனையை நோக்கி இரண்டு மயிர்க்கோடுகள், தண்டவாளம் போல. ஒரு கோடு முனையைத் தொட்டுவிட்டது. இன்னொன்றுக்கு என் நக அகலம் பாக்கி இருந்தது.

அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். விரலில் ஒட்டிய பொடியைப் பார்த்தார். பேன்ட்டில் துடைக்கப் போனவரைச் சித்தி தடுத்தாள். “தொடைக்காதீக. பொறவு ராத்திரி பூரா சொறிவீக.”

“பலமாத்தான போட்டேன்” என்றார் அவர். எங்களிடம் அல்ல.

எழுந்தார். மற்ற மூன்று விசிறிகளும் ஓடிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார். பிறகு என்னிடம், குரலை இறக்கி, “தாயி, அம்புட்டும் நாந்தான் போட்டேன்” என்றார்.

“எம்புட்டு?”

“நாலுக்கும். ஒரே வாரத்துல. மூணாம் நம்பருக்கு மட்டுந்தான் புக்குல எழுதுனேன். மத்ததுக்கு எழுத நேரமில்ல. அதே டிரில்லு, அதே பைப்பு.”

மற்ற மூன்றிலும் அப்படியா என்பது நான் அன்றே அவரைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு வரியைப் படித்துவிட்டுப் பதிவேட்டை மூடியது நான்தான்.

மேனேஜர் வந்து பார்த்தார். இந்த முறை பஞ்சு என்று சொல்லவில்லை. ஸ்டோரில் ஒரே ஒரு செட் இறக்கைகள் இருந்தன. மூன்றாம் விசிறிக்கு மாட்டச் சொன்னார். மற்ற மூன்றையும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் மில்லே நிற்கும், இறக்கை வர வர ஒவ்வொன்றாக மாற்றலாம் என்றார். அதுவரை விசிறியை நிறுத்திவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும் என்று எழுதி, கையெழுத்திட்டு, கதவில் ஒட்டச் சொன்னார். ஒட்டினோம்.

நான் இருக்கும்போது அது நடக்கிறது. சித்தி உள்ளே போகும் நான்கு முறையும் சுவிட்ச் பலகை அருகே நான் நிற்கிறேன். விசிறி நின்ற பிறகே கதவைத் திறக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் நடக்கிறதா என்று அவளிடம் கேட்டேன்.

“நிறுத்துங்கன்னு பிட்டருககிட்ட நான் சொன்னா, ‘உன் அக்கா மக இஞ்சினியரு, சரி. நீ எப்ப மேனேஜரான’ன்னு கேக்காக.”

“அப்ப நிறுத்தாமலே போறியா?”

“நூல் அறுந்தா அவியளுக்குல்ல ஏச்சு விழுது.”

“நீ போகாத சித்தி. வேற வேலைக்கு மாத்தச் சொல்லி நான் கேக்கேன்.”

“கேளு. மாத்துவாக. அப்ப அங்க வேற ஒருத்தி போவா. அவளுக்குக் கதவுல நிக்க யாரு இருக்கா?”

மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று விசிறிகளையும் நிறுத்தச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை படங்களோடு கழற்றிய இறக்கையையும் கொண்டுபோய் மேனேஜரின் மேஜை மேல் வைத்தேன். அது இப்போது அலமாரிக்கு மேலே இருக்கிறது.

அண்ணாச்சி பைப்பைத் தொடுவதில்லை. தினமும் காலையில் மூன்று விசிறிகளின் முன்னாலும் ஐந்து ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போகிறார். மூன்றாவது வகைக்குப் பெரிய சத்தம் இருக்காது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

போன ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் பாட எழுந்தார்கள். சுவரில் கடிகாரம் எட்டே காலைக் காட்டியது. சித்தி இரண்டாம் விசிறி அறைக்குள் போகும் நேரம் அது. பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி எட்டே முக்கால் வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போன் கையில் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

இன்றைய நிலை இது. மூன்றாம் விசிறியில் புது இறக்கைகள், பன்னிரண்டு போல்ட், அகலமான வாஷர். தயாரித்தவர்கள் சொன்ன அளவுக்கு, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து நானும் அண்ணாச்சியும் முடுக்கியது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றில் பதினெட்டு இறக்கைகள், முப்பத்தாறு துளைகள், எல்லாம் பதினாறு. அவை ஓடுகின்றன. புது இறக்கைகள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், வரவில்லை. ஞாயிறு எனக்கு விடுமுறை. சித்திக்கு வியாழன்.